நீர் ஊறும் குடம்

கர்க்கடக மாதம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துப் பச்சை மருந்துக் கடைகளில், நனைந்த சாக்கின்மேல் கட்டுக்கட்டாக அடுக்கிய தழைகளுக்கு நடுவே, வெண்பஞ்சைப் பிய்த்துத் தண்டெங்கும் ஒட்டவைத்தாற்போன்ற பூங்கதிர்களோடு கிடக்கும் ஒரு பூண்டைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் எவரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். பொங்கலுக்கு முந்திய நாள் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்து வீட்டு நிலைப்படியில் நாம் காப்புக் கட்டுகிற சிறுபீளைதான் அது. பூளைப்பூ என்றும் சொல்வோம். மலையாளிகள் அதனைச் செறூளை என்பார்கள். தசபுஷ்பம் என்று அவர்கள் போற்றும் பத்துச் செடிகளில் அது ஒன்று. கர்க்கடக அமாவாசையன்று திருவல்லத்திலும் சங்குமுகம் கடற்கரையிலும் பிதுர்களுக்குப் பிண்டம் இடுகிறவர்கள் அதைத் தூவுவதால் பலிப்பூ என்ற பெயரும் அதற்கு உண்டு. தமிழனுக்கு மங்கலத்தின் அடையாளமாகவும் மலையாளிக்கு மூதாதையரின் உணவாகவும் ஆகிவிட்ட இச்சிறு பூண்டுக்கு இரு சாராரும் வேற்றுமையின்றி ஒப்புக்கொண்ட இன்னொரு கடமையும் இருக்கிறது: நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் இதன் கஷாயமே வீட்டில் கொடுக்கும் முதல் மருந்து.

வலியசாலை அக்கிரகாரத்தில் நாங்கள் குடியிருந்த நாளில், ஒரு நடுநிசியில் என் தகப்பனாருக்கு இடுப்பின் பின்புறத்தில் தோன்றிய வலி, விலாவைச் சுற்றிக்கொண்டு தொடையிடுக்குவரை இறங்கி, நிற்கவும் விடாமல் படுக்கவும் விடாமல் அவரைச் சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்ததையும், பாட்டி விளக்கைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனதையும் நான் மறக்கவில்லை. பொழுது விடிந்ததும் சாலைக்கு ஓடினேன். "வேரோட எடுத்துக்கோ மக்கா, தழை மட்டும் போதாது" என்று கடைக்காரர் ஒரு கட்டை உதறிக் கொடுத்தார். சமூலம் என்று வைத்தியர்கள் சொல்வதை அவர் அப்படிச் சொன்னார். நெருஞ்சில்முள்ளும் சேர்த்து நாலில் ஒன்றாக வற்றவைத்த அந்தக் கஷாயம் கல்லைக் கரைத்ததா, அதனோடு குடித்த ஏராளமான தண்ணீர் கல்லை இறக்கிற்றா என்று இன்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் வலி நின்றது என்பது மட்டும் நிச்சயம். ஆனால் எந்த அவயவத்துக்காக அந்த மருந்தைக் கொடுக்கிறோம் என்று பாட்டியைக் கேட்டிருந்தால், 'வயிறு' என்றோ 'நீர்ப்பை' என்றோ சொல்லியிருப்பாளே ஒழிய, சிறுநீரகம் என்ற சொல்லை அவள் வாயால் கேட்டிருக்க முடியாது. அது பாட்டியின் அறியாமையன்று. இந்த ஊர் சிறுநீரகத்துக்குப் பல நூற்றாண்டுகள் மருந்து கொடுத்த பிறகே அதன் தொழிலை அறிந்துகொண்டது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் அகஸ்தியர்கூடத்தை மலையாளியும் தமிழனும் ஒரே பக்தியோடு நோக்குகிறார்கள். அம்மலையின் தெற்குச் சரிவுகளை அடுத்த நாஞ்சில் நாடும் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை திருவிதாங்கூரோடும் பின்னர் திரு-கொச்சியோடும் சேர்ந்திருந்தபடியால், ஓலைச்சுவடியைப் புரட்டும் தமிழ் ஆசான்களும் அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூலை மனப்பாடம் செய்த மலையாள வைத்தியர்களும் ஒரே ராஜ்யத்துப் பிரஜைகளாக, ஒரே கம்போளத்தில் மருந்து வாங்கினார்கள். இவர்களுள் சித்த வைத்திய ஆசான்கள் சிறுநீரைப் பரிசோதித்த நுட்பத்தை நினைத்தால் இன்றும் வியப்பாகவே இருக்கிறது. நீர்க்குறி என்றும் நெய்க்குறி என்றும் இரண்டு பரீட்சைகள். இரண்டும் சித்தர் தேரையர் பெயரால் வழங்குபவை. முன்னதில் நீரின் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தும் பார்க்கப்படும். பின்னதற்கு, விடியற்காலை நீரை ஒரு கிண்ணத்தில் ஏந்தி, காற்றாடாத வெளிச்சத்தில் வைத்து, ஒரு துரும்பின் நுனியால் ஒரே ஒரு துளி நல்லெண்ணெயை அதன்மேல் மெல்ல விடுவார்கள். அத்துளி பாம்பைப்போல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்தைப்போல் திரண்டு நின்றால் கபம் என்று நிர்ணயம் செய்வார்கள். கிண்ணத்தின்மேல் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு அத்துளி விரிவதைப் பார்த்திருக்கும் வைத்தியரின் கண்ணில் இருந்த கவனத்துக்கு எந்தச் சாஸ்திரத்திலும் மதிப்பு உண்டு. நுரையைத் தனியாக எண்ணிப் பார்த்தது சாமானியமன்று: நீரில் வெண்கரு போன்ற புரதம் இறங்கினால் நுரை பொங்கும் என்பதை இன்றைய வைத்தியமும் ஒப்புக்கொள்ளும்.

1827-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட் என்ற வைத்தியர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் காய்ச்சினால் அது வெண்மையாக உறைவதையும், அவர்கள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தால் சிறுநீரகங்கள் கெட்டிருப்பதையும் ஒன்றோடொன்று சேர்த்து எழுதினார். கரண்டியில் சிறிது நீரும் அடியில் ஒரு மெழுகுவர்த்தியுமே அதற்குப் போதுமான கருவிகள். நம் வைத்தியரின் கையில் எண்ணெய்த் துளி, அவர் கையில் மெழுகுவர்த்தி. கூர்மையில் ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. இறந்தவனின் உடலைத் திறந்து காரணத்தைத் தேடும் வழக்கம் அவருக்கு இருந்தது, நமக்கு இல்லாமற் போயிற்று. முழு வித்தியாசமும் அதில் அடங்கியது.

இல்லாமலே இருந்தது என்று சொல்வதும் பிழை. பண்டை ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் சவத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டிலிட்டு ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, பிறகு தூரிகையால் மெல்லத் தேய்த்து ஒவ்வோர் அடுக்காகப் பார்க்கச் சொன்னவர். ஆயினும் ஏழு நாள் நீரில் அழுகிய உடலில் எலும்பும் நரம்பும் துலங்குமே தவிர, மெல்லிய குழல்கள் துலங்கா. சிறுநீரகத்தின் உண்மைத் தொழில் நம் முன்னோர் கண்ணுக்குத் தப்பியதற்கு இதுவே காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம். விருக்கம் என்ற பெயரும், அது இரண்டு என்ற எண்ணிக்கையும், ரத்தமும் மேதஸ் என்னும் கொழுப்பும் தெளிந்து அது உருவாகிறது என்ற கொள்கையும் அவரிடம் உண்டு. ஆனால் விருக்கத்துக்கு மேதஸோடுதான் சம்பந்தமே ஒழிய மூத்திரத்தோடு அன்று. அப்படியானால் மூத்திரம் எங்கிருந்து வருகிறது? பெருங்குடலாகிய பக்குவாசயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நாடிகளின் வழியாகக் கசிந்து கசிந்து வந்து வஸ்தி என்னும் நீர்ப்பையை நிறைக்கிறது என்கிறார். இதை விளக்க அவர் காட்டும் உவமை அருமையானது. புதிய மட்குடம் ஒன்றைக் கழுத்தளவு தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால், வாய்வழியே ஒரு சொட்டும் புகாவிட்டாலும் பக்கங்களின் வழியாக நீர் ஊறி உள்ளே நிறைவதுபோல, வஸ்தி நிறைகிறதாம். குடத்தின் நுண்துளைகளில் நீர் வடிந்து ஊறும் அந்தக் காட்சி, பின்னாளில் நுண்ணோக்கி சிறுநீரகத்துக்குள் கண்டதற்கு மிக அருகில் வந்து நிற்கிறது. இடம் மட்டுமே தவறிவிட்டது.

அந்தச் சுசுருதரே அச்மரி என்னும் கல்லை அறுத்தெடுக்கும் முறையையும் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அறுக்காவிட்டால் மரணம் நிச்சயம், அறுத்தாலோ பிழைப்பது சந்தேகம் என்பதால், கத்தியை எடுக்கும் முன் அரசனிடம் தெரிவித்து அனுமதி பெறவேண்டும் என்று அவர் விதித்ததைப் படிக்கும்போது, அக்காலத்து வைத்தியர் எவ்வளவு பொறுப்போடு அஞ்சினார் என்பது விளங்கும். கேரளத்து வைத்தியர்கள் கத்தியைக் கைவிட்டுக் கஷாயத்தில் நிலைத்தார்கள். பிருஹத்யாதி, வீரதராதி, புனர்நவாதி என்று சகஸ்ரயோகம் என்னும் மருந்து நூலில் வரும் கஷாயங்கள் இன்றும் இந்நகரத்து வைத்தியசாலைகளில் புட்டியில் கிடைக்கும். புனர்நவா என்பது நம் மூக்கிரட்டை, மலையாளத்தில் தழுதாமை. நெருஞ்சிலும் மூக்கிரட்டையும் நீரைப் பெருக்கும் என்ற அனுபவம் பொய்யன்று.

நவீன வைத்தியம் இந்த ஊருக்குப் படிப்படியாக வந்தது. ராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியில் 1813-இல் அம்மை குத்தும் பணி தொடங்கியது. ஆயில்யம் திருநாள் காலத்தில், 1865-இல், ஜெனரல் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. ஸ்ரீமூலம் திருநாள் 1889-இல் ஆயுர்வேத பாடசாலையை ஸ்தாபித்தார். இரண்டு சாஸ்திரங்களும் ஒரே நகரத்தில் அரசின் ஆதரவோடு வளர்ந்தும் அவை முகம் பார்த்துப் பேசிக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. வடக்கே கோட்டக்கல்லில் ஆயுர்வேத வைத்தியர் பி. எஸ். வாரியர், மேல்நாட்டு உடற்கூற்றியலைக் கற்றுணர்ந்து, அதனை ஆயுர்வேத மாணவர்களுக்காகச் சம்ஸ்கிருதத்தில் 'அஷ்டாங்க சாரீரம்' என்ற நூலாக 1925-இல் வெளியிட்டார். பெரும் துணிச்சலான காரியம் அது. கடைசியாக 1951 நவம்பர் 27-ஆம் தேதி, உள்ளூர் என்னும் இடத்துக்குப் பக்கத்துக் குன்றின்மேல் எழுந்த மருத்துவக் கல்லூரியை ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார், டாக்டர் சி. ஓ. கருணாகரன் முதல் பிரின்சிபால்.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு மண்டபத்தில் மாணவன் முதன்முதலாகச் சிறுநீரகத்தைக் கையில் எடுக்கும்போது அதன் எளிமை அவனை ஏமாற்றிவிடும். பெரிய அவரை விதையொன்றின் வடிவம். நான்கரை அங்குல நீளம். எடை சுமார் 150 கிராம். முதுகெலும்பின் இருபக்கமும், கடைசி விலா எலும்புகள் காவலிருக்க, கொழுப்பு மெத்தையில் புதைந்திருக்கும். கல்லீரல் மேலே அழுத்துவதால் வலப்பக்கத்தது சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இறைச்சிக் கடையில் குண்டிக்காய் என்று நாம் கேட்டு வாங்குவதும் இதே உறுப்புத்தான். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெளிப்புறத்தில் மங்கலான செந்நிறத் தோடும், உள்ளே நுனி நடுவை நோக்கிய கோபுரங்கள்போல் வரிசையாக நிற்கும் கூம்புகளும், அக்கூம்பு நுனிகளிலிருந்து சொட்டும் நீரை ஏந்திக்கொள்ளப் புனல்போல் விரிந்த ஒரு பையும் தெரியும். அப்பையிலிருந்து இறங்கும் குழாய்தான் நீர்ப்பைக்குப் போகிறது. என் தகப்பனாரின் கல் அக்குழாயில்தான் அகப்பட்டிருக்க வேண்டும். வலி விலாவில் தொடங்கித் தொடையிடுக்கு வரை இறங்கிய வழி அக்குழாயின் வழியே.

கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. 1666-இல் இத்தாலிய மால்பீகி நுண்ணோக்கியின் கீழே, தோட்டுப் பகுதியில் மரக்கிளையில் கனி தொங்குவதுபோல் ரத்தக் குழல்களில் தொங்கும் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். 1842-இல் ஆங்கிலேயர் பௌமன், ஒவ்வோர் உருண்டையும் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது என்றும், அக்கிண்ணத்தின் அடியிலிருந்தே ஒரு நீண்ட குழல் புறப்படுகிறது என்றும் நிரூபித்தார். ஒரு சிறுநீரகத்தில் இப்படி ஏறக்குறைய பத்து லட்சம். இருதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேலாக, இவ்விரண்டு சிறிய உறுப்புகளுக்குள் பாய்கிறது. ரத்தத்தின் அழுத்தத்தால் உருண்டைகளின் மெல்லிய சுவர்களில் நீர் கசிந்து கிண்ணங்களில் இறங்குகிறது. ஜெர்மானியர் லுத்விக் இதை வெறும் வடிகட்டல் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. கிண்ணத்துக்குள் ஊறும் நீர்! சுசுருதரின் புதுக்குடம் பத்து லட்சமாகப் பெருகி விருக்கத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டது.

ஆனால் இதன் பிறகு நடப்பதுதான் என்னை எப்போதும் மலைக்க வைப்பது. இப்படி வடியும் நீர் ஒரு நாளைக்கு 180 லிட்டர். நாம் வெளியே விடுவதோ சுமார் ஒன்றரை லிட்டர். மீதி முழுவதும் அந்த நீண்ட குழல்களின் வழியாக மீண்டும் ரத்தத்துக்கே திரும்புகிறது. நாளொன்றுக்கு வடியும் உப்பு மட்டும் ஒன்றரைக் கிலோ. அதில் சில கிராம்கள் தவிர மற்றதெல்லாம் மீட்கப்படுகிறது. சர்க்கரை ஆரோக்கியமான உடலில் ஒரு துளியும் வீணாவதில்லை. இந்நகரம் குடிப்பதற்காகக் கரமனையாற்று நீரை அருவிக்கரையில் தேக்கிக் கொண்டுவந்து சுத்தம் செய்யும் திட்டம் 1933-இல் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் தொடங்கியது. அங்கே நடப்பது அழுக்கை நிறுத்திவைத்து நீரை விடும் வேலை. சிறுநீரகம் அதைத் தலைகீழாகச் செய்கிறது. ரத்த அணுக்களும் புரதமும் நீங்கலாக, நல்லதும் கெட்டதுமாக எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டிவிட்டு, வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. வேண்டாதவை எவையென்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை; நேற்றுப் பிறந்த ஒரு புதிய விஷமானாலும், பொறுக்கி எடுக்க ஆளில்லாமல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். இதோடு ரத்த அழுத்தத்தைக் காப்பது, எலும்பு மஜ்ஜையை ஏவி ரத்த அணுக்களை உண்டாக்குவது, வைட்டமின் டி-யைப் பயனுள்ள வடிவத்துக்கு மாற்றுவது ஆகிய பணிகளும் அதற்கு உண்டு. சிறுநீரகம் என்று நாம் வைத்த பெயர் அது எறிந்துவிடும் ஒன்றரை லிட்டரை மட்டுமே சொல்கிறது. காப்பாற்றித் தரும் நூற்றெழுபத்தெட்டரை லிட்டரைப் பற்றி அப்பெயரில் ஒன்றுமில்லை.

திருவனந்தபுரம் தன் வியாதியைத் தானே ஆராயத் தொடங்கியதும் மேற்சொன்ன மருத்துவக் கல்லூரியில்தான். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஒய். எம். ஃபாசில் மரிக்கார் இங்கே கல்லடைப்புக்கென்றே ஒரு கிளினிக் நடத்தி, நோயாளிகளின் கற்களையும் சிறுநீரையும் பல ஆண்டுகள் பரிசோதித்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ்க் கல்லின் படிகங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். வெயிலில் வியர்வை மிகுந்து, குடிக்கும் நீர் குறைந்தால், மேற்சொன்ன பொறுக்கி எடுக்கும் வேலை தீவிரமாகி, மிஞ்சிய சிறிதளவு நீரில் கால்சியமும் ஆக்ஸலேட்டும் நெருக்கமாகிப் படிகமாக உறையும். வளைகுடா நாடுகளில் வெயிலில் உழைத்துவிட்டு விடுமுறைக்கு வந்தவர்கள் பலர் பணத்தோடு கல்லையும் கொண்டுவந்ததன் காரணம் இது. சிறுபீளையோடு தண்ணீரையும் நிறையக் குடிக்கச் சொன்ன பாட்டிகளின் புத்தி இந்த இடத்தில் சாஸ்திரத்தோடு ஒத்துப்போகிறது.

கல் வேறு, சிறுநீரகமே செயலிழப்பது வேறு. முன்னதற்குக் கம்போளத்தில் ஏதோ ஒரு பதில் இருந்தது, பின்னதற்கு இல்லை. நீரிழிவு மலிந்த இந்நாட்டில் அதுவே இன்று சிறுநீரகத்தைப் பெரும்பாலும் அழிக்கிறது. பழைய வைத்தியர்கள் மகோதரம் என்றும் சோபை என்றும் பெயரிட்டுக் கைவிட்ட நோயாளிகளில் பலர் சிறுநீரகம் செயலிழந்தவர்களே. 1943-இல், யுத்தத்தின் நடுவே, ஹாலந்தின் காம்பென் நகரத்து ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர், இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோஃபன் உறையை ஓர் உருளையில் சுற்றி, ரத்தத்தை அதற்குள் ஓடவிட்டு, உப்புநீர்த் தொட்டியில் உருட்டினார். முதல் நோயாளிகள் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். 1945-இல் ஒரு மூதாட்டி பிழைத்தாள். அதன் சந்ததிதான் இன்று தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் நாம் காணும் டயாலிசிஸ் இயந்திரம். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அங்கே படுத்திருப்பவரின் மணிக்கட்டருகே, தமனியையும் சிரையையும் ஒன்றாகத் தைத்த இடத்தில், விரலை வைத்தால் உள்ளே வண்டு ரீங்காரமிடுவதுபோல் ரத்தம் அதிர்வது தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர், நாளெல்லாம் குடிக்க அனுமதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் அளந்து வைத்துக்கொண்டு, தாகம் பொறுக்காதபோது ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வார். கர்க்கடக மழை ஓட்டில் கொட்டும்போது அவர் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

1954-இல் பாஸ்டன் நகரில் இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி ஜோசப் மரே வெற்றி கண்டார். 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தியாவில் அதைச் சாதித்தது. ஆனால் அந்த வித்தை பரவியதும் ஒரு பாவமும் கூடவே பரவியது. சென்னையில் வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று ஜனங்கள் அழைக்கும் நிலை வந்தது. சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரை விசாரித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றார்கள் என்றும், அதன் பிறகும் சுமார் முக்கால் பங்கினர் கடனிலேயே இருந்தார்கள் என்றும், குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றும் கண்டது. இத்தனைக்கும் விற்பனையைக் குற்றமாக்கும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. ஏழையின் விலாவில் ஓடும் அந்த நீண்ட தழும்பை நினைக்குந்தோறும் நெஞ்சு கொதிக்கிறது.

திருவனந்தபுரம் இதற்குத் தேடிய வழிகள் இரண்டு. 1967-இல் இங்கே தொடங்கிய அரசாங்க லாட்டரியில், 2011-12-ஆம் ஆண்டுகளில், நிதி மந்திரி கே. எம். மாணி காருண்யா என்ற பெயரில் ஒரு சீட்டை ஏற்படுத்தி, அதன் லாபத்தைச் சிறுநீரக நோயாளிகள் முதலானோரின் சிகிச்சைக்கு ஒதுக்கினார். சாலைத் தெருவில் சீட்டு விற்பவர் கூவுவதற்கும் வார்டில் இயந்திரம் சுழல்வதற்கும் அப்படியொரு சம்பந்தம் உண்டாயிற்று. இரண்டாவது, 2012 ஆகஸ்ட் 12-ஆம் தேதி இம்மருத்துவக் கல்லூரியைத் தலைமை இடமாகக் கொண்டு தொடங்கிய மிருதசஞ்ஜீவனி. மூளை செயலிழந்து மரணம் உறுதியானவரின் அவயவங்களை, உறவினரின் சம்மதத்தோடு, காத்திருப்போர் பட்டியலின் வரிசைப்படி பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு அது. பட்டியலில் பெயர் பதிந்தவர் விலை பேசுவதற்கு இடமில்லை. கொடுத்தவர் யார் என்று பெற்றவர் தேடிச் செல்வதும் முறையன்று. பலிப்பூவைத் தூவிப் பிதுர்களுக்குக் கொடுத்தே பழகிய ஓர் ஊரில், இறந்தவர் இருப்பவருக்குக் கொடுக்கும் வழக்கம் இவ்வாறு ஏற்பட்டது.

அந்த அறுவைச் சிகிச்சையில் புதிய சிறுநீரகத்தைப் பழைய இடத்தில் வைப்பதில்லை; பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதும் இல்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில், மேலாக வைத்து, தமனியையும் சிரையையும் தைத்து, கவ்விகளை விடுவிப்பார்கள். பனிக்கட்டியில் இருந்து வந்த, வெளுத்துக் குளிர்ந்த அந்த அவரை விதை, ரத்தம் பாய்ந்ததும் கண்ணெதிரே சிவந்து இறுகும். பிறகு அறையில் ஒருவரும் பேசுவதில்லை. எல்லோரும் வெளியே விட்டிருக்கும் குழாயின் வெட்டுவாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில வேளை மணிக்கணக்கும் நாட்கணக்கும் ஆகும். சில வேளை, தையல் முடியுமுன்னரே, அந்த வெட்டுவாயில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழும்.